வீட்டில் இன்ஜினைப் பிரிக்கலாமா? – வாகனக் கேள்வி பதில்

கேள்வி: என் தந்தையார் 1997-இல் வாங்கிய மாருதி 800 இன்றும் எங்களிடம் இருக்கிறது, கார்புரேட்டர் வைத்த பழைய வகை. சென்ற மாதம் வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானலுக்கு மலையேறும்போது, டம் டம் பாறையைத் தாண்டிச் சிறிது தூரத்தில் ரேடியேட்டர் ஹோஸ் பிளந்து நீராவி கிளம்பியது. வெப்பம் காட்டும் முள் அதுவரை நடுவிலேயேதான் நின்றது. கையிலிருந்த பாட்டில் தண்ணீரை ஊற்றி, ஹோஸைத் துணியால் இறுகக் கட்டி, மேலும் இரண்டு கிலோமீட்டர் ஓட்டினோம். இழுவை குறைந்துகொண்டே வந்து, கடகடவென்று தட்டிவிட்டு இன்ஜின் நின்றுவிட்டது. எங்கள் மெக்கானிக், "இதில் காசைப் போடாதீர்கள் சார், பழைய இன்ஜின் ஒன்று வாங்கி மாட்டிவிடலாம்" என்கிறார். நான் பள்ளியில் இயற்பியல் ஆசிரியர். பாலிடெக்னிக்கில் படிக்கும் என் மகனும் நானும் சேர்ந்து, வீட்டு போர்டிகோவிலேயே இந்த இன்ஜினைப் பிரித்துச் சரிசெய்ய முடியுமா? எங்கிருந்து தொடங்குவது?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: முடியும். அதற்கு உங்களிடம் இருப்பதைவிடப் பொருத்தமான வண்டி கிடைப்பதும் அரிது. 1983 டிசம்பரில் விற்பனைக்கு வந்து 2014 ஜனவரியில் தயாரிப்பு நின்ற இந்த வண்டியின் 796 சி.சி. இன்ஜினில் மூன்றே சிலிண்டர்கள், ஒரே கேம் ஷாஃப்ட், ஒரு டைமிங் பெல்ட். கம்ப்யூட்டர் எதுவும் குறுக்கே வராது. உதிரி பாகங்கள் மாவட்டத் தலைநகரங்களின் கடைகளில் இன்றும் கிடைக்கின்றன. ஆனால் வேலையை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். கழற்றுவது, பார்ப்பது, எழுதி வைப்பது, திரும்பக் கோப்பது ஆகியவை உங்கள் பங்கு. சிலிண்டரை போர் போடுவது (உள்சுவரைக் கடைந்து அகலப்படுத்துவது), பிஸ்டன்களின் அசைவைச் சுழற்சியாக்கும் கிராங்க் ஷாஃப்ட்டை கிரைண்டிங் செய்வது, சிலிண்டர்களை மேலே மூடும் ஹெட்டுக்கு ஃபேசிங் போடுவது (அடிப்பரப்பைச் சீவிச் சமமாக்குவது) ஆகியவை லேத் பட்டறையின் பங்கு. உங்கள் மெக்கானிக்கும் அவற்றை அங்கேதான் கொடுக்கப்போகிறார் என்பதால், இதில் குறைவாக நினைக்க ஒன்றுமில்லை.

ஸ்பேனரை எடுக்கும் முன், மலையில் நடந்ததை ஒருமுறை அசைபோட வேண்டும். முள் நடுவில் நின்றதை வைத்து மீட்டர் பழுது என்று நினைத்திருப்பீர்கள். அந்த முள்ளை நகர்த்தும் உணர்கருவி தண்ணீருக்குள் மூழ்கியிருந்தால்தான் சரியான வெப்பத்தைக் காட்டும். தண்ணீர் வெளியேறி அது காற்றிலோ நீராவியிலோ நிற்கும்போது, இரும்பு வெந்துகொண்டிருந்தாலும் முள் சாதுவாக நடுவிலோ அதற்குக் கீழோ நிற்கக்கூடும். ரேடியேட்டர் மூடியையும் மறக்காதீர்கள். நல்ல நிலையிலுள்ள மூடி உள்ளே ஏறத்தாழ 0.9 கிலோ அழுத்தத்தைத் தேக்கி வைப்பதால், தண்ணீர் 120 டிகிரி செல்சியஸை நெருங்கும்வரை கொதிக்காமல் நிற்கிறது. மூடியின் ஸ்பிரிங்கோ ரப்பரோ தளர்ந்திருந்தால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். கொடைக்கானல் உயரத்தில் திறந்த பாத்திரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 93 டிகிரியிலேயே கொதித்துவிடும் என்பதை இயற்பியல் ஆசிரியருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆகவே பிளந்த ஹோஸ், மூடி, தெர்மோஸ்டாட், ரேடியேட்டர் மின்விசிறி, அதன் சுவிட்ச், வாட்டர் பம்ப் ஆகிய அனைத்தையும் சந்தேகப் பட்டியலில் வைத்திருங்கள். கொதித்த இன்ஜினில் பாட்டில் தண்ணீரை ஊற்றியதும் அலுமினிய ஹெட்டுக்கு நல்லதல்ல. வெடிப்பு இருக்கிறதா என்று பார்க்க அதுவும் ஒரு காரணமாகிறது.

எதையும் கழற்றாமலே செய்யக்கூடிய சோதனைகள் சில உண்டு. ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து அதன் அடிப்பக்கத்தைப் பாருங்கள். பால் கலந்த காபியின் நிறத்தில் குழம்பு போல் ஒட்டியிருந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கிறது. பிறகு மூன்று ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றிவிட்டு, கியரை நியூட்ரலில் வைத்து, கிராங்க் புல்லியின் நடு போல்ட்டில் நீளக் கைப்பிடியுள்ள சாக்கெட்டை மாட்டி, வழக்கமாகச் சுழலும் திசையில் மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். சுழன்றால் பாதிக் கவலை தீர்ந்தது. சுழலவில்லை என்றால் எக்காரணம் கொண்டும் ஸ்டார்ட்டரைப் போட்டு முயலாதீர்கள். ஒவ்வொரு பிளக் துளையிலும் இரண்டு மூன்று ஸ்பூன் மெல்லிய எண்ணெய் விட்டு, ஓரிரு நாள் ஊறவைத்து, மீண்டும் கையால் முன்னும் பின்னும் சிறிது சிறிதாக அசைக்க வேண்டும். தாராளமாகச் சுழலும் இன்ஜினாக இருந்தால், பிரிப்பதற்கு முன் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம்) பார்த்து மூன்று சிலிண்டர்களின் அளவையும் சுவரிலோ நோட்டிலோ எழுதிவிடுங்கள். பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர்கள் இரண்டு மட்டும் சேர்ந்தாற்போல் குறைவாகக் காட்டினால், அவற்றுக்கு இடையில் ஹெட் கேஸ்கட் (ஹெட்டுக்கும் சிலிண்டர் பிளாக்குக்கும் நடுவிலுள்ள அடைப்புத் தகடு) எரிந்திருக்கிறது என்று பெரும்பாலும் துணிந்து சொல்லலாம்.

என் யோசனை, இன்ஜினை உடனே இறக்க வேண்டாம் என்பதே. இன்ஜின் வண்டியிலேயே இருக்கட்டும். முதலில் ஹெட்டை மட்டும் கழற்றுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடியக்கூடிய அந்த வேலையிலேயே, மேலே செலவு செய்வதா வேண்டாமா என்பதற்கான விடை பெரும்பாலும் கிடைத்துவிடும். பேட்டரியின் நெகட்டிவ் வயரை முதலில் கழற்றுங்கள். இன்ஜின் முழுவதும் குளிர்ந்திருக்க வேண்டும். சூடாக இருக்கும்போது ஹெட் போல்ட்டுகளைத் தளர்த்தினால் ஹெட் கோணிக்கொள்ளும். பெட்ரோல் குழாயைக் கழற்றும் நாளில் போர்டிகோ விளக்குமாடத்தில் திரி எரியக்கூடாது, பக்கத்துச் சமையலறையிலும் அடுப்பு எரியக்கூடாது. வடித்த கூலண்டைப் பாத்திரத்தில் திறந்து வைக்காதீர்கள். அது இனிக்கும் நஞ்சு, தெருநாய் நக்கினால் செத்துவிடும். பழைய ஆயிலைச் சாக்கடையில் கொட்டாமல் கேனில் சேர்த்துப் பட்டறையில் கொடுத்துவிடுங்கள். பாகங்களைக் கழுவ மண்ணெண்ணெயோ டீசலோ போதும். பெட்ரோலில் கழுவும் பழக்கம் பல பட்டறைகளில் இருக்கிறது, அதை நீங்கள் வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம்.

கார்புரேட்டர் வண்டியில் மெல்லிய ரப்பர்க் குழாய்கள் தேன்கூட்டைச் சுற்றிய ஈக்கள்போல் மொய்த்திருக்கும். ஒவ்வொன்றையும் கழற்றும் முன் அதன் இரு முனைகளிலும் காகித டேப் சுற்றி ஒரே எண்ணை எழுதுங்கள். செல்போனில் படம் எடுங்கள். படம் எடுத்தாயிற்றே என்று எண் எழுதாமல் விட்டுவிடாதீர்கள், ஏனென்றால் நான்கு மாதம் கழித்து அந்தப் படத்தில் உங்கள் மகனின் கை மட்டும்தான் தெளிவாகத் தெரியும். டைமிங் பெல்ட்டைக் கழற்றும் முன் முதல் பிஸ்டனை மேல்நிலைக்குக் கொண்டுவந்து, கிராங்க், கேம் இரண்டின் பற்சக்கரக் குறிகளையும் அவற்றுக்குரிய குறிகளோடு நேராக நிறுத்துங்கள். டிஸ்டிரிபியூட்டரில் ரோட்டார் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதை அதன் உடம்பிலேயே பெயிண்ட்டால் கோடிட்டுக்கொள்ளுங்கள். ஹெட் போல்ட்டுகளுக்கு நான் செய்வது இது: வீட்டில் கிடக்கும் அட்டைப்பெட்டி ஒன்றின் மூடியில் ஹெட்டின் வடிவத்தை வரைந்து, போல்ட் இருக்கும் இடங்களில் துளையிட்டு, கழற்றும் ஒவ்வொரு போல்ட்டையும் அதே இடத்துத் துளையில் செருகிவிடுவேன். எந்த போல்ட்டின் மரையில் துருவும் தண்ணீர்க் கறையும் ஏறியிருக்கிறது, அது எந்தச் சிலிண்டருக்குப் பக்கத்தில் இருந்தது என்பதை அந்த அட்டை பிறகு சொல்லும்.

ஹெட் போல்ட்டுகளை ஓரங்களிலிருந்து தொடங்கி, குறுக்கும் மறுக்குமாக, நடுவை நோக்கி, இரண்டு மூன்று சுற்றுகளில் தளர்த்த வேண்டும். ஒரே போல்ட்டை முழுவதும் கழற்றிவிட்டு அடுத்ததற்குப் போனால், மீதமுள்ள இறுக்கமெல்லாம் ஒரு பக்கமாக இழுத்து அலுமினியத்தை வளைத்துவிடும். திரும்ப மாட்டும்போது இந்த வரிசை தலைகீழாகும்: நடுவிலிருந்து ஓரத்துக்கு. போல்ட் எல்லாம் வந்த பிறகும் ஹெட் அசையாமல் ஒட்டிக்கொண்டு நிற்கும். அப்போது ஸ்குரூடிரைவரை இடுக்கில் விட்டு நெம்பத் தோன்றும். நெம்பினால் அந்த ஒரு கீறல் வழியாகவே புது கேஸ்கட்டும் ஒழுகும். மரச் சுத்தியலால் பக்கவாட்டில் தடித்த பகுதிகளில் தட்டிக்கொண்டே வந்தால் ஒட்டு விட்டுவிடும்.

ஹெட்டைத் தூக்கியதும் எதையும் துடைக்காதீர்கள். இது நான் மிக அழுத்திச் சொல்லும் ஒன்று. புதிதாகப் பிரிப்பவர்கள் எல்லோரும் உற்சாகத்தில் உடனே பிரஷ்ஷையும் மண்ணெண்ணெயையும் எடுத்துவிடுகிறார்கள். இன்ஜின் ஏன் செத்தது என்பதற்கான சாட்சியெல்லாம் அந்த ஐந்து நிமிடத்தில் கரைந்து தட்டில் இறங்கிவிடுகிறது. நல்ல வெளிச்சத்தில் மூன்று பிஸ்டன்களின் தலைகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டு கரி படிந்து மங்கலாகவும், ஒன்று மட்டும் தேய்த்துக் கழுவிய பித்தளைக் குத்துவிளக்குபோல் பளிச்சென்றும் இருந்தால், அந்தச் சிலிண்டருக்குள்தான் தண்ணீர் நுழைந்திருக்கிறது. நுழைந்த தண்ணீர், எரிபொருள் எரியும் ஒவ்வொரு முறையும் நீராவியாகிக் கரியை உரித்துவிட்டிருக்கிறது. கேஸ்கட்டைத் திருப்பிப் பாருங்கள். சிலிண்டர் ஓட்டையைச் சுற்றியுள்ள உலோக வளையம் எங்கே கருகித் தீய்ந்திருக்கிறது? இரண்டு சிலிண்டர்களுக்கு நடுவிலுள்ள ஒடுங்கிய இடமா, தண்ணீர்த் துளைப் பக்கமா? பிறகு சிலிண்டர்ச் சுவரில் விரல் நகத்தை மேலிருந்து கீழாகவும் குறுக்காகவும் ஓட்டுங்கள். கண்ணுக்குத் தெரிந்தும் நகத்தில் தட்டாத கோடுகளைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்பட வேண்டாம். குறுக்கே ஓட்டும்போது நகம் தட்டி நிற்கும் செங்குத்துக் கீறல்கள் இருந்தால், பிஸ்டன் வெப்பத்தில் ஊதிச் சுவரைப் பிடித்திருக்கிறது. போர் வேலை நிச்சயம்.

பார்த்து, படமெடுத்து, எழுதிய பிறகு ஹெட்டின் அடிப்பரப்பைச் சுத்தம் செய்து சமமாக இருக்கிறதா என்று பாருங்கள். நேரான எஃகுச் சட்டம் ஒன்றையும் ஃபீலர் கேஜையும் (கனம் குறித்த மெல்லிய தகடுகளின் கட்டு) எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கூட ஸ்கேல் இதற்கு உதவாது. சட்டத்தை நீளவாக்கில், அகலவாக்கில், இரு மூலைவிட்டங்களிலும் வைத்து, அடியில் எந்தத் தகடு நுழைகிறது என்று பார்க்க வேண்டும். இந்த இன்ஜினுக்கு அனுமதிக்கப்படும் கோணல் 0.05 மில்லிமீட்டர், தலைமுடியின் கனத்தைவிடக் குறைவு. அதற்குமேல் இருந்தால் ஃபேசிங் போட வேண்டும். அதற்குக் கொடுப்பதற்கு முன்பே வெடிப்புச் சோதனை செய்யச் சொல்லுங்கள். தண்ணீர் வழிகளை அடைத்து, உள்ளே காற்றழுத்தம் கொடுத்து, வெந்நீர்த் தொட்டியில் மூழ்கவைத்துக் குமிழி வருகிறதா என்று பார்ப்பார்கள். வால்வு சீட்டுகளுக்கு இடையில் மயிரிழை விரிசல் விடுவது இத்தகைய கொதிப்பில் அடிக்கடி நடப்பது. வெடித்த ஹெட்டுக்கு ஃபேசிங் போட்டுப் பணத்தை இழந்தவர்கள் பலர்.

கடகடவென்று தட்டிவிட்டு நின்றது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சத்தம் எனக்குப் பிடிக்கவில்லை. ஆயிலில் தண்ணீர் கலந்து பேரிங் தேய்ந்திருக்க வாய்ப்புள்ளதால், உங்கள் விஷயத்தில் இன்ஜினை இறக்கிக் கீழ்ப்பகுதியையும் பார்ப்பதே சரி என்று நினைக்கிறேன். இறக்கும் வேலையை மட்டும் மெக்கானிக்கிடம் கூலி பேசி விட்டுவிடுங்கள். போர்டிகோவில் ஊஞ்சல் கொக்கி இருக்கிறதே, அதில் செயின் பிளாக் (பாரம் தூக்கும் சங்கிலிக் கப்பி) மாட்டலாமே என்று உங்கள் மகன் கேட்பார். என் மகனும் கேட்டான். அந்தக் கொக்கி எத்தனை ஆண்டு துருவோடு, கான்கிரீட்டில் எவ்வளவு ஆழத்தில் நிற்கிறது என்பது வீடு கட்டிய கொத்தனாருக்கே தெரியாது. வாடகைக்கு இன்ஜின் கிரேன் கிடைக்கிறது. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலையை நீட்டாதீர்கள். ஸ்டாண்டு வைத்த பிறகே யாரும் கீழே போக வேண்டும்.

இறக்கியதும் ஆயிலை வடித்து, இன்ஜினின் அடியிலுள்ள ஆயில் தொட்டியான சம்ப்பைக் கழற்றி, அடியில் தங்கிய வண்டலை வெள்ளைத் துணியில் ஊற்றிப் பாருங்கள். மினுக்கும் துகள்களுக்கு அருகில் காந்தத்தைக் கொண்டுபோங்கள். ஒட்டினால் இரும்பு, அதாவது பிஸ்டன் ரிங்கோ சிலிண்டர்ச் சுவரோ கிராங்க்கோ தேய்ந்திருக்கிறது. ஒட்டாவிட்டால் பிஸ்டனோ பேரிங்கோ. அடுத்து, பிஸ்டன்களை கிராங்க்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடுகளின் மூடிகள். இங்கேதான் நான் பல ஆண்டுகளுக்கு முன் சறுக்கினேன். மூன்று மூடிகளையும் கழற்றி ஒரே தட்டில் போட்டுக் கழுவினேன். பார்க்க மூன்றும் ஒன்றுபோலவே இருந்தன. ஒவ்வொரு மூடியும் அதனதன் ராடோடு சேர்த்து வைத்து வட்டமாகக் கடையப்பட்டது என்பதும், இடம் மாறினால் வட்டம் வட்டமாக இராது என்பதும் அப்போது எனக்குத் தெரியாது. கோத்து முடித்தபோது கிராங்க் கையால் சுழலவில்லை. ஒரு வாரம் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்த பிறகு மூன்று ராடுகளையும் புதிதாக வாங்கினேன். ஆகவே கழற்றும் முன்பே ராடு, மூடி இரண்டின் ஒரே பக்கத்திலும் பெயிண்ட் பேனாவால் எண்ணிடுங்கள். கிராங்க்கைத் தாங்கும் மெயின் பேரிங் மூடிகளுக்கும் இதே விதி. அவற்றில் எண்ணும் அம்புக்குறியும் வார்ப்பிலேயே இருக்கின்றனவா என்று துடைத்துப் பார்த்துப் படமெடுங்கள். பேரிங் ஷெல்கள் சாம்பல் நிறத்தில் ஒரே சீராக இருந்தால் நல்லது. செம்பு நிறம் எட்டிப்பார்த்தால் மேல்பூச்சு தேய்ந்து அடிப்பூச்சு வந்துவிட்டது.

பிஸ்டனை மேல்பக்கமாகத் தள்ளி எடுக்கும் முன் ஒரு நிமிடம் நில்லுங்கள். ரிங் ஏறித் தொடாத மேல் விளிம்பில், பல ஆண்டுத் தேய்மானத்தால் ஒரு மெல்லிய வரப்பு நிற்கும்; அதன்மேல் கரியும் கெட்டிப்பட்டிருக்கும். அந்த வரப்பைச் சுரண்டி எடுக்காமல் தள்ளினால் ரிங் அதில் மாட்டி, பிஸ்டனின் ரிங் வரி உடைந்துபோகும். ராடு போல்ட்டுகளின் முனைகளில் பழைய பெட்ரோல் ரப்பர்க் குழாய்த் துண்டுகளைச் செருகிவிடுங்கள், இல்லாவிட்டால் அவை இறங்கும்போது கிராங்க்கைக் கீறும். பிறகு சுத்தியலின் மரப்பிடியால் கீழிருந்து மெல்லத் தள்ள, மேலே ஒருவர் இரு கைகளாலும் ஏந்த வேண்டும். பிஸ்டன் தலையில் உள்ள அம்பு கிராங்க் புல்லி இருக்கும் பக்கத்தைப் பார்த்திருக்கும், அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

சிலிண்டரின் அடிப்படை விட்டம் 68.5 மில்லிமீட்டர். பட்டறையில் போர் கேஜ் வைத்து மேல், நடு, கீழ் என மூன்று ஆழங்களிலும், ஒவ்வொரு ஆழத்திலும் நீளவாக்கிலும் குறுக்காகவும் அளந்து தரச் சொல்லுங்கள். ஒரு சிலிண்டருக்கு ஆறு எண்கள், மொத்தம் பதினெட்டு. "தேய்ஞ்சிருக்கு சார், போர் போட்டுடலாம்" என்று வாயால் மட்டும் சொன்னால், எண்ணை எழுதித் தரும்வரை நகராதீர்கள். போர் போடத்தான் வேண்டும் என்றானால், 0.25 அல்லது 0.50 மில்லிமீட்டர் கூடுதல் அளவுள்ள பிஸ்டன் செட்டை முதலில் வாங்கிக்கொண்டு போய், அந்தப் பிஸ்டனை அளந்து அதற்கேற்பக் கடையச் சொல்ல வேண்டும். முதலில் கடைந்துவிட்டுப் பிறகு கடைக்குப் பிஸ்டன் தேடிப் போவது, கால்சட்டையைத் தைத்துவிட்டு ஆளைத் தேடுவது போன்றது.

கேள்வி: என் வண்டியிலும் கொதித்து ஹெட் கேஸ்கட் போனது. பட்டறையில் புது கேஸ்கட் போட்டுக் கொடுத்தார்கள். ஐந்தே வாரத்தில் மீண்டும் அதே இடத்தில் போய்விட்டது. கேஸ்கட் போலியா?
– வாசகர், சேலம்

பதில்: போலி கேஸ்கட் சந்தையில் உண்டு; ஆனாலும் அதே இடத்தில் மீண்டும் போனது என்று நீங்கள் எழுதியிருப்பதால், கேஸ்கட்டைக் கடைசியில் சந்தேகிப்பேன். ஹெட்டுக்கு ஃபேசிங் போட்டார்களா, பிளாக்கின் மேல்பரப்பை யாராவது சட்டம் வைத்துப் பார்த்தார்களா என்று கேளுங்கள். கொதிப்பில் ஹெட் கோணினால் எல்லோரும் ஹெட்டைப் பார்க்கிறார்கள். பிளாக்கிலும் சிலிண்டர்களுக்கு நடுவே மெல்லிய பள்ளம் விழுந்திருக்கலாம் என்பதை மறந்துவிடுகிறார்கள். அலுமினியம் அளவுமீறிச் சூடேறினால் அதன் கடினத்தன்மையே குறைந்துவிடும். அப்படி இளகிய ஹெட்டை எத்தனை முறை சமப்படுத்தினாலும் போல்ட்டின் இறுக்கத்தில் அது மீண்டும் அமுங்கும். நல்ல பட்டறையில் கடினத்தன்மை பார்க்கும் கருவி இருக்கும். போல்ட் துளைகளின் அடியில் தேங்கிய ஆயிலையும் தண்ணீரையும் துடைக்காமல் போல்ட்டை முறுக்கினாலும், டார்க் ரெஞ்ச் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) சரியான எண்ணைக் காட்டும், ஹெட்டோ இறுகியிருக்காது. இவை எல்லாவற்றையும்விட முதலில் கேட்க வேண்டியது, முதல் முறை ஏன் கொதித்தது என்பதை யாராவது கண்டுபிடித்தார்களா என்பதுதான். உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

கேள்வி: டார்க் ரெஞ்ச் கட்டாயம் வாங்க வேண்டுமா? எங்கள் தெரு மெக்கானிக் கை அளவிலேயே இறுக்குகிறார்.
– வாசகி, காரைக்குடி

பதில்: நாற்பது ஆண்டு இறுக்கிய கைக்கு ஓரளவு அளவு தெரியும், உங்கள் கைக்கும் என் கைக்கும் தெரியாது. ஹெட், ராடு, மெயின் பேரிங் ஆகிய மூன்று இடங்களுக்கும் டார்க் ரெஞ்ச் இல்லாமல் கோக்கத் தொடங்காதீர்கள். வாங்க மனமில்லை என்றால் இரண்டு நாளைக்கு இரவல் வாங்கலாம். உங்கள் வண்டி வகைக்குரிய சர்வீஸ் மேனுவலில் உள்ள அளவைப் பார்த்து, மூன்று கட்டங்களாக இறுக்குங்கள்.

கேள்வி: ஆறு மாதத்துக்கு முன் இன்ஜினைப் பிரித்தேன். போர் போட்டு வந்த பிளாக்கும் கிரைண்டிங் செய்த கிராங்க்கும் மாடிப்படி அடியில் அப்படியே இருக்கின்றன. வேலை மாற்றத்தால் தொட முடியவில்லை. இப்போது கோத்துவிடலாமா?
– வாசகர், நாகப்பட்டினம்

பதில்: கடற்கரை ஊர் என்பதால் உங்கள் கடிதத்தைப் படித்ததும் பயந்தேன். புதிதாகக் கடைந்த சிலிண்டர்ச் சுவர் எண்ணெய் பூசாமல் இருந்தால் ஒரே இரவில்கூடச் செம்மண் நிறத் துரு படியும். போய்ப் பாருங்கள். துணியில் எண்ணெய் தொட்டுத் துடைத்தால் போய்விடும் மேல்துரு என்றால், லேசாக ஹோனிங் செய்து (கல்லால் சுவரை மெல்லத் தேய்த்து) மீட்டுவிடலாம். குழி விழுந்திருந்தால் அடுத்த அளவு பிஸ்டனுக்குத்தான் போக வேண்டும். கிராங்க்கைப் படுக்கப் போட்டு வைத்திருந்தால் அது வளைந்திருக்கிறதா என்றும் பட்டறையில் சுழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். ஃப்ளைவீல் பக்கம் கீழே இருக்க நிறுத்தி, எண்ணெய் பூசி, பிளாஸ்டிக் உறையிட்டு வைப்பதே வழக்கம்.

எல்லாம் நல்லபடியாக இருந்தாலும் உடனே கோக்காதீர்கள். ஹோனிங் கல் உதிர்த்த பொடி சுவரின் வலைக்கோடுகளுக்குள் ஒளிந்திருக்கும். அதை மண்ணெண்ணெய் எடுக்காது, இடம் மாற்றித்தான் வைக்கும். வெந்நீரும் துணி சோப்பும் விட்டு, பாட்டில் கழுவும் பிரஷ்ஷால், வெள்ளைத் துணியால் துடைத்தால் துணி வெள்ளையாகவே வரும்வரை கழுவ வேண்டும். எனக்கு வழக்கமாக ஐந்தாறு முறை பிடிக்கும். கழுவி உலர்த்திய கையோடு, தேநீர் குடிக்கப் போவதற்கு முன்பே, புது இன்ஜின் ஆயிலைச் சுவர் முழுதும் தடவிவிடுங்கள். ஆயில் துளைகளுக்குள் மெல்லிய பிரஷ்ஷை விட்டுச் சுத்தம் செய்து காற்றடியுங்கள். ரிங்குகளை மாட்டும் முன் ஒவ்வொன்றையும் அதனதன் சிலிண்டருக்குள் வைத்து, பிஸ்டன் தலையால் நேராகத் தள்ளி, வாய் இடைவெளியை ஃபீலர் கேஜால் பாருங்கள். பெட்டியில் சரியான அளவு என்று அச்சிட்டிருக்கிறதே என்று இந்த வேலையைத் தாண்டிப் போகாதீர்கள். மாட்டிய பிறகு ரிங் வாய்கள் ஒரே நேர்க்கோட்டில் நிற்கக்கூடாது.

கோத்து முடித்து முதன்முறை கிளப்பும் முன், பிளக்குகளைக் கழற்றி வைத்துவிட்டு, ஆயில் விளக்கு அணையும்வரை ஸ்டார்ட்டரைச் சிறு சிறு தவணைகளாகச் சுழற்றுங்கள். பேரிங்குகளுக்கு ஆயில் ஏறிய பிறகே நெருப்பு.

கேள்வி: பழைய பிளாக் உடைந்துவிட்டதால் சென்னை புதுப்பேட்டையில் அரை இன்ஜின் (ஹெட் இல்லாத கீழ்ப்பகுதி) வாங்கலாம் என்று இருக்கிறேன். எதைப் பார்த்து வாங்குவது?
– வாசகர், செங்கல்பட்டு

பதில்: இரும்பைப் பார்ப்பதற்கு முன் காகிதத்தைப் பாருங்கள். இன்ஜின் எண் பிளாக்கில்தான் பொறிக்கப்பட்டிருக்கும். அந்த எண் உங்கள் ஆர்.சி. புத்தகத்திலும் இருக்கிறது. பிளாக் மாறினால் எண் மாறும், ஆகவே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அதைப் பதிவு செய்தாக வேண்டும். அதற்கு அந்த இன்ஜின் எந்த வண்டியிலிருந்து எடுக்கப்பட்டது, அந்த வண்டி என்ன ஆனது என்பதற்கான சான்றும் பில்லும் தேவைப்படும். எண் அரைத்து அழிக்கப்பட்ட பிளாக்கையோ, எண்ணின்மேல் புது பெயிண்ட் அடித்த பிளாக்கையோ எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் தொடாதீர்கள். உங்கள் வண்டி பதினைந்து ஆண்டைத் தாண்டியதா என்று எழுதவில்லை. தாண்டியிருந்தால் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டிவரும், எண் பொருந்தாத விஷயம் அப்போது கட்டாயம் வெளிவரும். முதலில் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் என்னென்ன காகிதம் கேட்கிறார்கள் என்று விசாரித்துவிட்டு ரயில் ஏறுங்கள்.

காகிதம் சரியாக இருந்தால், அந்த இன்ஜினைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றிக் காட்டச் சொல்லுங்கள். சம்ப்பைக் கழற்றிக் காட்டவும் கேளுங்கள். தயங்காமல் ஸ்பேனரை எடுக்கும் கடைக்காரரிடம் மேற்கொண்டு பேசலாம். கீழ்ப்பகுதியைப் பார்க்க விடாமல், "கியாரண்டி சார், அப்படியே மாட்டுங்க" என்பவரிடம் வாங்க வேண்டாம். அப்படியே மாட்டவும் வேண்டாம். எந்த அரை இன்ஜினையும் வாங்கிவந்து, மேலே திண்டுக்கல் வாசகருக்குச் சொன்னபடி ஒருமுறை பிரித்து, அளந்து, கழுவிய பிறகே வண்டிக்குள் ஏற்றுங்கள்.